படிச்சு முடிச்சதும் அந்த வீட்டுல என்ன மாறும்? – பள்ளி நியூஸ்லெட்டர் எழுதுவது எப்படி

நம்ம காலேஜில் டிபார்ட்மென்ட் நியூஸ்லெட்டர், கிளப் மெயில், சிம்போசியம் சர்க்குலர் என்று ஏதாவது ஒன்றை எல்லாரும் ஒருமுறையாவது எழுதியிருப்போம். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடியும் இருப்போம். யார் படித்தார்கள், படித்து என்ன செய்தார்கள் என்று பார்ப்பது கிடையாது. பார்க்காவிட்டாலும் நமக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. கூட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் நியூஸ்லெட்டர் சரியாக எழுதப்படாவிட்டால் ஒரு குழந்தைக்கு நேரடியாக இழப்பு வரும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் சார்ட்டர் ஸ்கூல். அங்கே பள்ளியிலிருந்து குடும்பங்களுக்குப் போகும் வாராந்திரக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று பார்த்தால், நம்முடைய எழுத்துக்கும் நிறைய கிடைக்கும். வாங்க, பார்ப்போம்.

முதலில், சார்ட்டர் ஸ்கூல்னா என்ன?

அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி. கட்டணம் கிடையாது. ஆனால் வழக்கமான பள்ளிகளை நடத்தும் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இது வராது. ஒரு தனிக் குழு, "நாங்கள் இப்படி நடத்துவோம், இந்த அளவு தேர்ச்சி காட்டுவோம்" என்று ஒப்பந்தம் போட்டு நடத்துகிறது. அந்த ஒப்பந்தத்துக்குத்தான் சார்ட்டர் என்று பெயர். இதற்கான முதல் சட்டம் 1991-இல் மின்னசோட்டா மாநிலத்தில் வந்தது. 1992-இல் அந்த மாநிலத்தின் தலைநகரான செயின்ட் பாலில் சிட்டி அகாடமி என்ற முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. 2021–22 கல்வியாண்டில் நாடு முழுக்க சுமார் 7,800 சார்ட்டர் பள்ளிகள், சுமார் 37 லட்சம் மாணவர்கள்.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் இரண்டு. ஒன்று, குடும்பம்தான் இந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது. பிள்ளை எங்கே போகிறதோ அங்கேதான் அரசின் பணமும் போகும். அடுத்த வருடம் 30 பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழும். இரண்டு, விண்ணப்பத் தேதி, இடத்தை விட அதிகம் பேர் கேட்டால் நடக்கும் லாட்டரி, அடுத்த ஆண்டும் தொடர்கிறோம் என்று எழுதித் தரும் படிவம், பஸ் ஏற்பாடு என்று இங்கே நடைமுறைகள் பக்கத்துத் தெருப் பள்ளியில் இருப்பது போல இருக்காது. பழகிய அக்கம்பக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. பள்ளிதான் சொல்லியாக வேண்டும்.

இந்த இரண்டும் சேரும்போது ஒரு சிக்கல் வருகிறது. குடும்பங்களைத் தக்கவைக்க வேண்டும் என்ற பயத்தில் நியூஸ்லெட்டர் மெல்ல மெல்ல விளம்பர நோட்டீஸாக மாறிவிடும். மேலே தலைமையாசிரியரின் நீண்ட செய்தி, நடுவில் விழாப் போட்டோக்கள், பரிசு வாங்கியவர் பட்டியல். கடைசியில் ஓரமாக, "படிவத்தை வெள்ளிக்குள் தரவும்". ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து போனைத் திறக்கும் ஒரு அம்மா அந்தக் கடைசி வரி வரைக்கும் வருவாரா? வர மாட்டார். படிவமும் வராது.

அதனால் எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "இதைப் படிச்சு முடிச்சதும் அந்த வீட்டுல என்ன மாறும்?" எந்தப் பத்திக்கு இதற்குப் பதில் இல்லையோ, அது வேண்டாம்.

ஒரு வாக்கியம் போதுமா?

போதும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பாடத்தில் தவறிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மறுபடி படித்து கிரெடிட் வாங்கும் வகுப்பு அது. நம்ம மொழியில் சொன்னால் அரியர் கிளியர் பண்ணும் கிளாஸ். அந்த மாணவர்களில் ஒரு பகுதியினரின் பெற்றோருக்கு ஆசிரியரிடமிருந்து வாரம் ஒரு செய்தி போனது. ஒரே ஒரு வாக்கியம், அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும். இன்னொரு பகுதியினருக்கு எதுவும் போகவில்லை. முடிவில், செய்தி போகாதவர்களில் 15.8 சதவீதம் பேர் கிரெடிட் வாங்கவில்லை. செய்தி போனவர்களில் அது 9.3 சதவீதம். பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள் குறைந்ததுதான் இதற்கு முக்கியக் காரணம்.

பிலடெல்ஃபியாவில் ராஜர்ஸும் அவி ஃபெல்லரும் செய்த இன்னொரு ஆய்வு 2018-இல் வந்தது. தங்கள் பிள்ளை எத்தனை நாள் லீவு போட்டது என்பதைப் பெற்றோர் குறைத்தே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான எண்ணிக்கையைத் தபாலில் அனுப்பினார்கள். மிக அதிகமாக விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது.

இரண்டிலும் அழகான லேஅவுட் கிடையாது, மேற்கோள் கிடையாது. அந்த வீட்டுக்குத் தெரியாத, தெரிந்தால் ஏதாவது செய்யக்கூடிய ஒரு தகவல் போனது. வேலை நடந்தது.

பிராட்காஸ்ட் எது, யூனிகாஸ்ட் எது?

நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதியவர்களுக்கு இது ஈஸி. நியூஸ்லெட்டர் என்பது பிராட்காஸ்ட். எல்லா வீட்டுக்கும் ஒரே பாக்கெட். லீவு எண்ணிக்கை, மார்க், நடத்தை இதெல்லாம் யூனிகாஸ்ட். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போக வேண்டியது. இரண்டையும் கலக்கக் கூடாது.

"சில மாணவர்கள் தொடர்ந்து தாமதமாக வருகிறார்கள்" என்று நியூஸ்லெட்டரில் எழுதுவது பல பள்ளிகளின் பழக்கம். நேரத்துக்கு வரும் பிள்ளையின் அப்பா அதைப் படித்து எரிச்சல் படுவார். தாமதமாக வரும் பிள்ளையின் அப்பா, "நம்மளைச் சொல்லலை" என்று விட்டுவிடுவார். சொன்னதில் யாருக்கும் பயனில்லை. அந்த நாலு வீட்டுக்கும் ஒரு போன் பண்ணிவிட்டால் விஷயம் முடிந்தது.

ஒரு உதாரணம்: சாப்பாட்டுப் படிவம்

மின்னசோட்டாவிலேயே நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2023-இல் அந்த மாநிலம் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம் என்று சட்டம் போட்டது. அதற்கு முன், இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பாடு வேண்டுமென்றால் குடும்பம் வருமானத்தைக் குறிப்பிட்டு ஒரு படிவம் தர வேண்டும். இப்போது எல்லாருக்கும் இலவசம் என்றதும், "அப்போ படிவம் எதுக்கு?" என்று குடும்பங்கள் நினைப்பது இயல்புதானே. ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கை வைத்துப் பள்ளிக்கு வரும் கூடுதல் நிதிக்கு அந்தப் படிவம் தேவைப்பட்டது. சாப்பாடு கிடைத்துவிட்டது, படிவம் வரவில்லை, நிதி குறைகிறது. இந்த நிலையில் ஒரு பள்ளி என்ன எழுதும்? பெரும்பாலும் இப்படி:

"புதிய சட்டத்தின்படி அனைத்து மாணவர்களுக்கும் உணவு இலவசமாக வழங்கப்படுகின்ற போதிலும், கல்விச் சலுகைகளுக்கான விண்ணப்பத்தினை அனைத்துக் குடும்பங்களும் தவறாது பூர்த்தி செய்து அலுவலகத்தில் சமர்ப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் படிப்பவர் மனதில் எழும் ஒரு கேள்விக்கும் இதில் பதில் இல்லை. அதையே இப்படி எழுதிப் பார்ப்போம்:

"வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படிவம் தாருங்கள்.
உங்கள் பிள்ளைக்குச் சாப்பாடு இலவசம். படிவம் தராவிட்டாலும் அது நிற்காது.
பிறகு எதற்குப் படிவம்? வருமானம் குறைந்த குடும்பங்கள் எத்தனை என்று பார்த்துத்தான் நம் பள்ளிக்குக் கூடுதல் பணம் வருகிறது. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவும் ஆசிரியரை அதில்தான் வைத்திருக்கிறோம்.
குடியுரிமை பற்றி இதில் கேள்வி இல்லை.
நிரப்ப உதவி வேண்டுமா? காலை 7.30 முதல் மாலை 4 வரை அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்தே நிரப்பலாம்."

கவனித்தீர்களா? இரண்டாவது நீளம்தான். ஆனால் முதல் வரியிலேயே வேலை என்ன, எப்போதைக்குள் என்று வந்துவிட்டது. அடுத்து, படிப்பவரின் முதல் பயம் தீர்கிறது: சாப்பாடு நிற்காது. அதற்கடுத்து காரணம். கடைசியாக, வெளியில் கேட்கத் தயங்கும் கேள்விக்குக் கேட்காமலே பதில். புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு அந்தக் குடியுரிமை வரி எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்க. சுருக்கமாக எழுதுவதும் தெளிவாக எழுதுவதும் ஒன்று இல்லை. தேவையான இடத்தில் நாலு வரி கூடினால் கூடட்டும்.

பக்கத்தை அடுக்குவது எப்படி?

ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே வரிசை. மூன்றாவது வாரத்திலிருந்து எதை எங்கே தேட வேண்டும் என்று படிப்பவரின் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஐந்து பகுதி போதும்.

1. இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது. அதிகபட்சம் மூன்று. அதற்கு மேல் இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள்.

2. தேதிகள். கிழமை, தேதி, நேரம், இடம், எந்த வகுப்புக்கு. ஐந்தும் வேண்டும். மாதத்தை எண்ணில் எழுதாமல் பெயரில் எழுதுங்கள். அமெரிக்காவில் 3/4 என்றால் மார்ச் 4. நம்மைப் போல நாளை முதலில் எழுதிப் பழகியவருக்கு அது ஏப்ரல் 3. ஆசிரியர் சந்திப்பை ஒரு மாதம் தாண்டி எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

3. வகுப்பில் என்ன நடக்கிறது. "3-ஆம் வகுப்பு பின்னம் படிக்கிறது" என்பதோடு நிறுத்தாதீர்கள். "சாப்பிடும்போது ஒரு ரொட்டியை நாலாகக் கிழித்து, இதில் ஒரு துண்டு எவ்வளவு என்று கேளுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கேள்வியை எந்த மொழியிலும் கேட்கலாம். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, பெரிய படிப்பும் வேண்டியதில்லை. "இன்னிக்கு ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால் உலகம் முழுக்க வரும் பதில் "நல்லாருந்துச்சு" மட்டும்தான்.

4. ஒரு நல்ல செய்தி. ஒன்றே ஒன்று, குறிப்பாக. "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. "5-ஆம் வகுப்பு செய்த பாலம் 11 புத்தகம் தாங்கியது, 12-ஆவதில் உடைந்தது" என்றால் கண் முன்னால் தெரியும்.

5. யாரைக் கேட்பது. ஒரு ஆள், ஒரு எண், எந்த நேரத்தில் எடுப்பார்.

உதவி கேட்பதிலும் இதே கதைதான். "தன்னார்வலர்கள் வரவேற்கப்படுகிறார்கள்" என்றால் யாரும் வர மாட்டார்கள். "செவ்வாய் மதியம் 45 நிமிடம், நூலகத்தில் புத்தகம் அடுக்க 2 பேர்" என்றால், நேரம் ஒத்துவரும் ஒருவர் தன்னால் முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

இன்னொரு சின்ன விஷயம். இதைப் பெற்றோர் கடிதம் என்று சொல்லாமல் குடும்பக் கடிதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ சித்தியோதான். "அன்புள்ள அம்மா அப்பாவுக்கு" என்று தொடங்கினால் அந்தப் பாட்டி முதல் வரியிலேயே வெளியே நிற்கிறார்.

எந்த மொழியில்?

செயின்ட் பால், மினியாபொலிஸ் வட்டாரத்தில் ஹ்மாங், சோமாலி, கரேன், ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் நிறைய. பெற்றோருக்குப் போகும் தகவல் இயன்றவரை அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 2015-இல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம், டைட்டில் 1 நிதி வாங்கும் பள்ளிகளுக்குச் சொல்கிறது. சரி, கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு அனுப்பினால் முடிந்ததா? இல்லை.

ஹ்மாங் மொழிக்கு இன்று பரவலாக இருக்கும் ரோமன் எழுத்து 1950-களில் லாவோசில் உருவானது. சோமாலி மொழிக்கு ரோமன் எழுத்து அரசு எழுத்தானது 1972-இல். இரண்டிலும் பேச்சு மரபு பெரிது, எழுத்து வயதில் சின்னது. ஹ்மாங் நன்றாகப் பேசும் ஒரு பாட்டிக்கு அதை வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவருக்கு எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பை அனுப்பினாலும் வெறும் கோடுகள்தான். அவருக்குத் தேவை ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ். பள்ளியிலேயே வேலை செய்யும், அந்த மொழி பேசும் ஒருவர் முதல் பகுதியை மட்டும் பேசிப் பதிந்து அனுப்பினால் போதும். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது மட்டும் கூடாது. தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளையாவது அப்படியே மொழிபெயர்க்குமா, நீங்களே சொல்லுங்க!

ஆங்கில மூலமும் எளிமையாக இருக்க வேண்டும். அப்போதுதான் மொழிபெயர்ப்பும் சரியாக வரும். இதை அளக்க ஒரு ஃபார்முலா இருக்கிறது. பிளெஷ்–கின்கெய்ட் என்று பெயர். 1975-இல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. ஒரு வாக்கியத்துக்கு சராசரியாக எத்தனை சொல் என்பதை 0.39-ஆல் பெருக்கு. ஒரு சொல்லுக்கு எத்தனை அசை என்பதை 11.8-ஆல் பெருக்கு. இரண்டையும் கூட்டி 15.59-ஐக் கழி. வருவது எத்தனையாவது வகுப்புப் படிப்பு இருந்தால் புரியும் என்ற எண். வாக்கியத்துக்கு 20 சொல், சொல்லுக்கு 1.5 அசை என்றால் விடை 9.9. அதாவது கிட்டத்தட்ட 10-ஆம் வகுப்பு. அதையே 10 சொல், 1.3 அசை என்று குறைத்தால் 3.65. ஆனால் இது ஆங்கிலத்துக்கு மட்டும். "போகாதவர்களுக்கெல்லாம்" என்று ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தையே அடைக்கும் தமிழில் போட்டுப் பார்த்தால் எண் எங்கேயோ போய் நிற்கும். ஆங்கிலத்திலும் எண் குறைந்தால் பொருள் தெளிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நீளமான வாக்கியத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவி, அவ்வளவே.

போட்டோவும் பெயரும்

மாணவர் பதிவுகளின் ரகசியம் பற்றி ஃபெர்பா என்று ஒரு சட்டம் 1974-இலிருந்து இருக்கிறது. பெயர், படம், வாங்கிய பரிசு போன்ற சிலவற்றைப் பள்ளி பொதுவில் வெளியிடலாம். ஆனால் முன்கூட்டியே குடும்பத்துக்குச் சொல்லி, "வேண்டாம்" என்று மறுக்க வாய்ப்பு தர வேண்டும். அதனால் நியூஸ்லெட்டர் தயாரிப்பவர் கையில், மறுத்தவர்களின் பட்டியல் எப்போதும் இருக்க வேண்டும். வீட்டில் வன்முறையிலிருந்து தப்பி, ஊர் மாறி வந்து இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, பள்ளி பெயரோடு வெளியாகும் ஒரு குரூப் போட்டோ ஆபத்தாக முடியலாம். சந்தேகம் இருந்தால் பாலத்தை மட்டும் படம் எடுங்க. அதுவும் நல்ல படம்தான்.

மெயில் அனுப்பும் பக்கம்

இது நம்ம ஏரியா. நான்கு குறிப்பு மட்டும்.

- முழு நியூஸ்லெட்டரையும் ஒரே படமாகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்பாதீர்கள். போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை மொழிபெயர்க்கவும் கஷ்டம், பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடராலும் படிக்க முடியாது.
- 102 கேபிக்கு மேல் போனால் ஜிமெயில் மெயிலை நடுவில் வெட்டிவிடும். காப்பி பேஸ்ட் செய்யும்போது ஒட்டிக்கொண்டு வரும் ஸ்டைல் குப்பையே அந்த அளவைத் தொட்டுவிடும்.
- எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1 இருக்கட்டும். இளம் மஞ்சளில் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம்.
- சப்ஜெக்ட் வரியில் "வாராந்திர நியூஸ்லெட்டர், இதழ் 14" என்று போடாதீர்கள். "வெள்ளிக்குள் படிவம், திங்கள் பள்ளி இல்லை" என்று போடுங்கள். திறக்காதவருக்கும் பாதி செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற சதவீதத்தை நம்பாதீர்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பிரைவசி வசதி, ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். திறந்ததாகக் கணக்கு ஏறும். அளக்க வேண்டியது வேறு. படிவம் எத்தனை வந்தது? சந்திப்புக்கு எத்தனை குடும்பம் வந்தது? "பள்ளி உண்டா இல்லையா" என்று திங்கள் காலை அலுவலகத்துக்கு எத்தனை போன் வந்தது? படிவம் வராத 40 வீட்டில் 25 வீடு ஒரே மொழி பேசும் வீடு என்றால், கோளாறு அந்த வீடுகளில் இல்லை. அனுப்பிய வழியில்தான் கோளாறு.

கெட்ட செய்தி வரும்போது

நியூஸ்லெட்டருக்கு உண்மையான பரீட்சை இங்கேதான். சார்ட்டர் பள்ளியின் ஒப்பந்தம் காலவரை உள்ளது. தேர்ச்சியோ கணக்கு வழக்கோ சரியில்லை என்றால் புதுப்பிக்காமல் விடலாம், பள்ளி மூடலாம். அந்த மாதிரி பரிசீலனை நடக்கும்போது, "வழக்கம்போல எல்லாம் சிறப்பு" என்று எழுதினால் என்ன ஆகும்? குடும்பங்கள் நியூஸில் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அதற்குள் மற்ற பள்ளிகளின் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும். பிள்ளைக்கு இடம் கிடைக்காது. என்ன நடக்கிறது, எப்போது முடிவு தெரியும், அதுவரை குடும்பம் என்ன செய்யலாம் என்று மூன்றையும் பள்ளியே முதலில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் போய்விடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குடும்பத்துக்குக் கொடுத்ததுதான் இந்தப் பள்ளியின் அடிப்படையே. தகவலை மறைத்தால் அந்த உரிமை வெறும் பேச்சு.

நமக்கு என்ன?

அடுத்த முறை கிளப் மெயிலோ டிபார்ட்மென்ட் சர்க்குலரோ எழுதும்போது இதைச் செய்து பாருங்க. அனுப்பும் முன் அந்த விஷயம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். பத்து வினாடி கழித்து வாங்கிக்கொண்டு, "இப்போ நீ என்ன செய்யணும், எப்போக்குள்ள?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் அனுப்பலாம். தடுமாறினால் அவரைத் திருத்த வேண்டாம். மெயிலைத் திருத்துங்கள்.